ஸ்ரீ மணி அண்ட் பார்ட்டி வாசித்த கப்பல்

நான் ஒரு காலத்தில் இசையமைப்பாளனாக இருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தால் உள்ளேயிருந்து என் மனைவி இருமுவாள். (அடுத்த இருமலுக்குள் பேச்சை மாற்றிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.) அதனால் எழுதிவிடுகிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே இரும முடியாது.

அறுபதுகளில், அந்தமானில், எங்கள் மாயாபந்தரில் சங்கீதத்துக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, “அப்படியே ரேடியோ மாதிரி இருந்துச்சு” என்பதுதான். பெங்காலி வீட்டில் ஹார்மோனியம் வாசித்தாலும் சரி, தெலுங்குக்காரர்கள் பஜனை பாடினாலும் சரி, எங்கேயோ கேட்டதைப் பிசகாமல் திருப்பிக் கொடுத்தவர் வித்வான். எனக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. கிதாரைக் கையில் எடுப்பவன் அதுவரை உலகத்தில் யாரும் கேட்டிராத ஒரு சத்தத்தைக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அதைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேறு வேலை பார்க்கச் சொல்லி அப்பா ஏற்கெனவே மன்றாடிக்கொண்டுதான் இருந்தார். (மர டிப்போவில் எனக்கு எழுத்தர் உத்தியோகம் இருந்தது. அங்கே என் கை எழுதிக்கொண்டிருக்கும், மனசு இசையமைத்துக்கொண்டிருக்கும். இரண்டிலும் பிழை வந்தது.)

கிதார் எனக்கு வந்தது சாமுவேலிடமிருந்து. டிப்போவின் மோட்டார் படகில் என்ஜின் பார்த்துக்கொண்டிருந்த கரேன் பையன், என் வயசு. பர்மாவிலிருந்து வந்து குடியேறிய அவர்கள் ஜனங்கள் பக்கத்தில் வெபி கிராமத்தில் இருந்தார்கள். அங்கே கிதார் இல்லாத வீட்டைப் பார்ப்பது கஷ்டம். சாமுவேல் வீட்டில் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. அதில் பழையதை எனக்குக் கொடுத்து, பதிலுக்கு என் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனான். அப்பா வாசலில் நின்று கிதாரை மேலும் கீழும் பார்த்தார்.

“சைக்கிள் இருந்தா ஆபீசுக்குப் போலாம். இதுல ஏறி எங்கல போவ?”

கலைஞர்கள் வீட்டில் அவமதிக்கப்படுவது சகஜம் என்று படித்திருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.

அந்தக் கிதாரில் ஒரு குறை. கனமான, கட்டைச் சத்தம் கொடுக்கும் தந்தி அறுந்துபோயிருந்தது. கல்கத்தாவுக்கு எழுதிப் போட்டுப் பல மாதம் காத்திருந்தேன். ஒரு வழியாகப் பார்சல் வந்தது. உள்ளே வயலின் தந்தி இருந்தது. அப்புறம்தான் டிப்போவில் மரக்கட்டைகளை இழுக்கும் இரும்பு வடத்திலிருந்து ஒரே ஒரு புரியைப் பிரித்து எடுத்து மாட்டினேன். முறுக்கினால் கிதாரின் கழுத்து வளைந்தது. அதனால் தளர்த்தியே வைத்திருந்தேன். ஒரு நாள் அதை மீட்டிவிட்டு, கையில் இருந்த டார்ச் லைட்டின் உலோக உடம்பை அதன் மேல் வைத்து மெல்ல வழுக்கினேன். கிதாரின் வயிற்றுக்குள்ளிருந்து “ம்ம்ம்பாஆஆம்” என்று ஒரு சத்தம் எழுந்து அறையை நிறைத்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதுதான், இதற்காகத்தான் நான் பிறந்தேன் என்று நினைத்தேன். இதே சத்தத்தைப் பிறந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு ஊரில் நான் குடியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அது கப்பல் ஊதும் சத்தம்.

மெட்ராஸ், கல்கத்தாவிலிருந்து வரும் பெரிய கப்பல்கள் போர்ட் பிளேரோடு நின்றுவிடும். அங்கே இறங்குகிற தபாலும் வெங்காயமும் மருந்தும் மனிதர்களும் ஒரு சின்னக் கப்பலுக்கு மாறி எங்களிடம் வருவார்கள். அதற்குக் கிழமை, தேதி எல்லாம் ஆபீஸ் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். கப்பல் அந்தப் பலகையைப் படித்ததாகத் தெரியவில்லை. என்ஜின் பழுது, கடல் சரியில்லை, காப்டனுக்கு வயிறு சரியில்லை என்று தள்ளிக்கொண்டே போகும். வரும்போது கப்பல்துறையான ஜெட்டிக்கு முன்னால் உள்ள வளைவில் திரும்புகையில் ஊதும். அதைக் கேட்டால் போதும். வாத்தியார் சாக்பீஸைக் கீழே போடுவார். சவரக் கடையில் ஒரு கன்னம் மழித்தவர் மறு கன்னத்துச் சோப்போடு ஓடுவார். கல்யாண வீட்டில் பாயசத்துக்கு நிற்காமல் பந்தியே எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். ஒருத்தரும் அதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். அந்தத் தீவில் எல்லோருக்கும் யாராவது ஒருவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

எங்கள் வீட்டுக்கு அது கமலா அக்கா. அப்பாவுக்கு அந்தமானில் ஓவர்சீயர் வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து நாங்கள் கிளம்பியபோது, இங்கே பெண்பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம் இல்லை என்று அவளைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். ரெண்டு வருஷத்தில் கூட்டிக்கொள்ளலாம் என்றார்கள். படிப்பு முடிந்து, அங்கேயே மாப்பிள்ளை பார்த்து, கல்யாணமும் ஆகிவிட்டது. கப்பலில் ஒரு இடம்தான் கிடைத்ததென்று அப்பா மட்டும் போய்க் கன்னிகாதானம் செய்துவிட்டு வந்தார். அம்மா அன்று இங்கே வீட்டுக்குள் தனியாகக் கோலம் போட்டு, கேசரி கிண்டி, எனக்குக் கொடுத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். பிறகு கமலாவுக்கு ஒரு ஆண் குழந்தை. லீவு கிடைத்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். எந்தக் கப்பல் என்று எழுதவில்லை. அதனால் அம்மா எல்லாக் கப்பலுக்கும் போனாள்.

அப்போதுதான் அந்தப் போட்டி வந்தது. குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கல்ச்சுரல் புரோகிராம். முதலாவதாக வருகிற கோஷ்டி மெட்ராஸில் ஒரு விழாவில் வாசிக்கலாம், கோஷ்டி மொத்தத்துக்கும் போக வர இலவசக் கப்பல் பாஸேஜ் என்று அறிவித்தார்கள். எனக்கு இரண்டு யோசனைகள் ஒரே சமயத்தில் வந்தன. ஒன்று, உலகம் கடைசியில் என்னைக் கண்டுகொள்ளப் போகிறது. மற்றது, கோஷ்டி மொத்தத்துக்கும் என்றால் கோஷ்டியில் அம்மாவைச் சேர்த்துவிட்டால் என்ன?

அம்மாவுக்குப் பஜனையில் ஜால்ரா தட்டத் தெரியும். இதைச் சொன்னதும் அவள் அரிசி களைந்துகொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“மெட்ராஸ் போனா அங்கனருந்து ரயில் உண்டும்லா?”

“ராத்திரி ஏறுனா காலையில திருநெல்வேலி.”

“ஏல, நெசமா நம்மள எடுப்பாங்களா?”

“என் மாதிரி வாசிக்க இந்தத் தீவுல ஆளே கிடையாதும்மா.”

(இது உண்மைதான் என்று பிற்பாடு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.)

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பூஜை அலமாரியிலிருந்து ஜால்ராவை எடுத்து, புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஆபீஸில் போய் ‘ஸ்ரீ மணி அண்ட் பார்ட்டி’ என்று பெயர் கொடுத்தேன். பார்ட்டியில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒருவர் என்றேன். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அம்மாவுக்குப் பார்ட்டி என்றே பெயர் விழுந்தது. அம்மா கண்டுகொள்ளவில்லை. பேரனுக்கென்று கடற்கரையில் சிப்பி பொறுக்கிக் கழுவிக் காயவைத்தாள், மாப்பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெய் ஆட்டினாள். ஒத்திகையின்போது நன்றாகத்தான் தட்டுவாள். நடுவில் கமலா ஞாபகம் வந்துவிட்டால் தாளம் ரயில் மாதிரி வேகம் பிடிக்கும்.

நான் அமைத்த உருப்படிக்குப் பெயர் ‘தீவு’. முதலில் அலை, அப்புறம் காத்திருப்பு, கடைசியில் டார்ச் லைட் வைத்து அந்தச் சத்தம். அந்தச் சத்தத்தை மட்டும் நான் யாருக்கும் காட்டவில்லை, அம்மாவுக்கும்தான். புதுமை என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் புதுமை இல்லை என்பது என் கொள்கை. மேடையில் அது திடீரென்று வந்து விழ வேண்டும். மற்ற பகுதிகளைச் சாமுவேலுக்கு வாசித்துக் காட்டினேன். அவனும் போட்டியில் இருந்தான். தங்கள் ஜனங்கள் படகு இறக்கும்போது பாடும் ஏதோ பழைய பாட்டை அண்ணன் தம்பிகளோடு வாசிக்கப் போவதாகச் சொன்னான். எனக்கு அவன் மேல் பரிதாபமாக இருந்தது.

“அச்சா ஹை, மணி பாய்,” என்றான் கேட்டுவிட்டு. “லேகின் கிஸ்கே லியே?”

யாருக்காக வாசிக்கிறாய் என்று கேட்கிறான். நான் கடலைப் பார்த்தபடி, “துனியா கே லியே,” என்றேன். உலகத்துக்காக.

சாமுவேல் தலையைச் சொறிந்துகொண்டு, உலகம் மாயாபந்தருக்கு எந்தக் கப்பலில் வரும் என்று விசாரித்தான்.

அந்த ரகசியச் சத்தத்தைப் பழகுவதற்கு டிப்போவுக்குப் பின்னால், யானைகளைக் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையைப் பிடித்தேன். அங்கே எனக்கு ஒரு ரசிகர் கிடைத்தார். மோத்தி என்ற யானை. நான் முதல் முறை டார்ச்சை வழுக்கியதும் மோத்தி காதுகளை விரித்தது. வாயில் இருந்த வாழைத்தண்டைக் கீழே போட்டது. பிறகு தன் சங்கிலியைத் தும்பிக்கையில் சுருட்டிக்கொண்டு ஜெட்டி ரோட்டில் நடக்கத் தொடங்கியது. அதன் பாகன், ராஞ்சிப் பக்கத்து ஆள், வாசிப்பதை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னாலேயே ஓடினான்.

“ஏ பாபு! பந்த் கரோ! பந்த் கரோ!”

கப்பல் வந்தால் மரம் ஏற்ற ஜெட்டிக்குப் போக வேண்டும் என்பது அந்த யானைக்குப் பழக்கம். யானைக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை. சங்கீதம் விலங்குகளையும் உருக்கும் என்பார்களே, அந்த மாதிரி அது உருகித் தனிமை தேடிப் போகிறது என்று எண்ணிக்கொண்டேன். பாகனைப் பார்த்து, கலையை ரசிக்கத் தெரியாத மனிதன் என்று வருத்தப்பட்டேன்.

விழா நாள் வந்தது. கப்பல் வந்து பல நாளாகியிருந்தது. போர்ட் பிளேரில் என்ஜினைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள் என்றும் மாட்டிவிட்டார்கள் என்றும் மாறி மாறிச் சேதி. ஊரில் வெங்காயம் கிடையாது. சர்க்கரை ஆஸ்பத்திரிக்கு மட்டும். தபால் ஆபீஸ் வாசலில் சும்மாவே ஒரு கூட்டம் நின்றது. அன்று சாயங்காலம் மைதானத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நிகழ்ச்சிக்கு வந்தார்கள், பாதிப் பேர் கப்பலைப் பற்றி யாராவது ஏதாவது சொல்வார்களா என்று வந்தார்கள். அப்பா வெங்காயப் பையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.

முன்வரிசையில் நடுவர்கள்: அதிகாரி சாப், போஸ்ட் மாஸ்டர், டாக்டர். மைக்செட் அப்பாராவ் மேடைக்கு மேலே இரண்டு மரங்களில் கூம்பு ஸ்பீக்கர்களைக் கட்டியிருந்தார். பள்ளிப் பிள்ளைகளின் நாடகம் முடிந்தது. எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மா அரக்குப் பட்டுப் புடவையில், கமலா கல்யாணத்துக்கென்று வாங்கிக் கட்டாமலே வைத்திருந்த புடவை அது, மேடையேறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஜால்ரா பளபளத்தது. நான் மைக்கைக் கிதாரின் வயிற்று ஓட்டைக்குள்ளேயே இறக்கி வைக்கச் சொன்னேன். அப்பாராவ் சந்தேகமாகப் பார்த்தார். புதுமை என்றேன்.

அலைப் பகுதி போயிற்று. சிலர் கொட்டாவி விட்டார்கள். காத்திருப்புப் பகுதி போயிற்று. காத்திருப்பதில் அந்த ஊருக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை, ஆனாலும் கேட்டார்கள். அம்மாவின் தாளம் நிதானமாக, ஒத்திகையில் ஒரு நாளும் இல்லாத அழகோடு வந்துகொண்டிருந்தது. நான் கண்களை மூடினேன். டார்ச் லைட்டை எடுத்தேன். இரும்புப் புரியை மீட்டி, வழுக்கினேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு சத்தம் கொட்டகையில் எனக்கு வந்ததே இல்லை. கிதாருக்குள் இருந்த மைக், மரத்தின் மேல் இருந்த கூம்புகள், எதிரே இருந்த மலை எல்லாம் சேர்ந்துகொண்டன. “ம்ம்ம்பாஆஆஆம்!” மைதானத்தில் சலசலப்பு. லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. மெட்ராஸ் சபாக்களில் பெரிய வித்வான்களுக்கு இப்படி எழுந்து நின்று மரியாதை செய்வார்கள் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். மறுபடி கண்களை இறுக மூடிக்கொண்டு இரண்டாம் முறை வழுக்கினேன். இன்னும் நீளமாக. ஜால்ரா நின்றுவிட்டது தெரிந்தது. அம்மா இசையில் கரைந்து தாளத்தையே மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய, மூன்றாம் முறையும் வாசித்து முடித்தேன்.

கண்ணைத் திறந்தேன். மைதானம் காலி. கவிழ்ந்த பெஞ்சுகள், ஒற்றைச் செருப்புகள், யாரோ விட்டுப் போன சுண்டல் பொட்டலத்தை முகர்ந்துகொண்டிருந்த ஒரு ஆடு. நடுவர்கள் இல்லை. அப்பாராவ் இல்லை. திரும்பிப் பார்த்தேன். பார்ட்டியும் இல்லை.

ஜெட்டி ரோட்டில் புழுதி எழும்பியிருந்தது. கிதாரைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன். எல்லோருக்கும் முன்னால் நாடகத்தில் பாரத மாதா வேஷம் போட்ட பெண் கிரீடத்தைக் கையில் பிடித்தபடி ஓடுகிறாள். அவள் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. போஸ்ட் மாஸ்டர் ஓடுகிறார், தபால் மூட்டையை அவர்தான் வாங்க வேண்டும். டாக்டர் ஓடுகிறார், மருந்து வர வேண்டும். அதிகாரி சாப் ஓடவில்லை, பதவிக்கு ஏற்றபடி வேகமாக நடந்தார். மேடையிலிருந்து முதலில் குதித்து இறங்கியவள் அம்மாதான் என்றும், ஜால்ராக்காரியே எழுந்து ஓடியதைப் பார்த்துத்தான் சந்தேகப்பட்டவர்களும் நம்பி ஓடினார்கள் என்றும் பிறகு சொன்னார்கள்.

ஜெட்டி நிறைய ஜனம். எதிரே கடல். கப்பல் இல்லை.

“வளைவுல திரும்புது,” என்றார் ஒருவர்.

“தீவு மறைக்குது. அபீ ஆயேகா, இப்ப வந்துடும்.”

“மூணு வாட்டி ஊதிச்சே, நான் கேட்டேனே!”

ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டு எக்கி எக்கிப் பார்த்தார்கள். நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். அந்த முகங்களைப் பார்த்த பிறகுதான், யானைக்கு அன்று புரிந்தது எனக்கும் புரிந்தது. ஓடிவிடலாம் என்று நினைத்தேன். தீவில் எங்கே ஓடுவது? அதற்குள் அப்பாராவ் என்னையும் கிதாரையும் என் கையிலிருந்த டார்ச்சையும் வரிசையாகப் பார்த்துவிட்டார்.

“அரே பாப்ரே! ஜஹாஜ் நஹீ! யே லட்கா!” என்று கத்தினார். கப்பல் இல்லை, இந்தப் பையன்.

முதலில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஜெட்டியின் நுனி வரை போய், திட்டாக மாறித் திரும்பி வந்தது. ஐந்தாறு பாஷைகளில் என்னைத் திட்டினார்கள். எல்லாம் எனக்குப் புரிந்தது, அதுதான் அந்தமானில் வளர்வதில் உள்ள கஷ்டம். அதிகாரி சாப் என்னை ஏற இறங்கப் பார்த்து, “வெரி ஒரிஜினல்,” என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் நிலையைக் கடந்திருந்தேன்.

ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வந்தது வந்தோம், ஒருவேளை நிஜமாகவே வந்தால் என்று கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். இருட்டத் தொடங்கியது. சாமுவேல் அண்ணன் தம்பிகளோடு அங்கேயே ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்து அந்தப் படகுப் பாட்டை வாசித்தான். பாஷை ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஊர் பலமுறை கேட்டிருந்த பாட்டு. பெங்காலிப் பெண்கள் முனகினார்கள், மலையாளத்துக் கடைக்காரர் தொடையில் தாளம் போட்டார். அப்பாகூட வெங்காயப் பையை மடியில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். பரிசு அவனுக்குத்தான் என்பதை நடுவர்கள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைவிட, அவன் வாசித்ததை நானே கேட்டுக்கொண்டு நின்றேன் என்பது ஆத்திரமாக இருந்தது.

அம்மா ஜெட்டியின் நுனியில், கப்பல் கயிறு கட்டும் குட்டை இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஜால்ராவின் கயிறு இன்னும் விரல்களில் சுற்றியிருந்தது. எல்லோரும் திட்டும்போதும் சிரிக்கும்போதும் அவள் திரும்பவில்லை. நான் பக்கத்தில் போய், “அம்மா,” என்றேன். ஜால்ராவைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான். மெட்ராஸும் போயிற்று, கமலாவைப் பார்ப்பதும் போயிற்று என்பதை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளாமலே வீட்டுக்கு நடந்தோம்.

சில நாள் அம்மா என்னோடு பேசவில்லை. சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. கிதாரை அப்பா பரண் மேல் ஏற்றிவிட்டார். டிப்போவில் என்னை ஜஹாஜ் பாபு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மோத்தி மட்டும் மரியாதை குறையாமல் பார்த்தது.

பிறகு ஒரு மத்தியானம், நான் தரையில் உட்கார்ந்து ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது, அந்தச் சத்தம் கேட்டது.

“ம்ம்ம்பாஆஆஆம்.”

அடுப்படியிலிருந்து அம்மா ஓங்கிக் கத்தினாள்: “நிறுத்துல! ஒரு தடவ ஊரு சிரிச்சது காணாதா?”

“அம்மா, நான் சாப்பிட்டுட்டு இருக்கேன்.”

அம்மா வெளியே வந்து என் கையைப் பார்த்தாள். கையில் ரசம் சொட்டியது. பரணைப் பார்த்தாள். கிதார் அங்கேயே இருந்தது. மறுபடி ஊதியது. தெருவில் ஒரு ஈ காக்கா ஓடவில்லை. எதிர்க் கடைக்காரர், “மதராஸி ஃபிர் ஷுரூ ஹோ கயா,” மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்று சலித்துக்கொண்டு கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் தடவையும் ஊதி, கயிறு வாங்க ஆளில்லாமல் காப்டன் கோபத்தில் ஊதிக்கொண்டே இருந்தார். (அன்றைக்குக் கயிற்றைப் பிடித்தது சாமுவேல். மெட்ராஸ் போகப் பெட்டியோடு அவனும் அண்ணன் தம்பிகளும் மட்டும் நின்றிருந்தார்கள்.)

நான் எழுந்தேன். அம்மா கிளம்புவாள் என்று பார்த்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். ஒரு எட்டு வைத்தாள். நின்றாள்.

“நீ போய்ப் பாத்துட்டு வா,” என்றாள்.

ஒரு கப்பலுக்கும் போகாமல் இருந்தவள் இல்லை அவள். எனக்குப் பயமாக இருந்தது. கை கழுவாமல் ஓடினேன். அதுவரை அவள்தான் கப்பலின் இறங்குபடியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், நான் வேடிக்கை பார்ப்பேன். அன்று முதல் முறையாக நான் பார்த்தேன். ஒரு போலீஸ்காரர் இறங்கினார். கோழிக் கூடையோடு ஒரு பெங்காலிக் குடும்பம். வெங்காய மூட்டைகள். தபால் மூட்டை. கைக்குழந்தையோடு ஒரு பெண் படியில் காலை வைத்தபோது நான் படிக்கே ஓடினேன். புடவைத் தலைப்பை விலக்கினாள். வேறு யாரோ. பாரத மாதாவின் அப்பா கடைசியாக இறங்கி, “பஸ், கதம்,” என்று கையை விரித்தார். அவ்வளவுதான், ஆள் இல்லை.

வேண்டுமென்றே சுற்று வழியில் திரும்பினேன். அம்மா வாசலில் நின்றிருந்தாள். முதலில் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தாள். ரோடு முழுக்கப் பார்த்துவிட்டுப் பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேசினாள், பல நாளுக்குப் பிறகு.

“ஏல மணி, நெசக் கப்பலுக்கு நீ வாசிச்ச கப்பலே தேவல.”

“என்னம்மா சொல்லுத?”

“ஜெட்டி போய்ச் சேருத வரைக்கும் அதுல கமலா இருந்தா.”

சொல்லிவிட்டு உள்ளே போய், நான் பாதியில் விட்ட தட்டை எடுத்து, ரசத்தைச் சூடு பண்ணினாள். நான் அடுப்படி வாசலில் நின்று அழுதேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன், புதுமை என்றால் என்ன என்று பெரியவர்கள் எழுதியதையெல்லாம் படித்திருக்கிறேன். என் வாசிப்புக்குக் கிடைத்த விமரிசனம் இந்த ஒன்றுதான். யாருக்காக வாசிக்கிறாய் என்று சாமுவேல் கேட்டபோது இதோ இவளுக்காக என்று சொல்லியிருந்தால், அந்த உருப்படியை வேறு மாதிரி அமைத்திருப்பேன். கப்பலை ஊதவிட்டு அப்படியே பாதியில் விடாமல் கரை சேர்த்திருப்பேன்.

அதன் பிறகு நான் மேடையேறவில்லை. அம்மா மறுவருஷம் அப்பாவின் லீவில் பாஸேஜ் கிடைத்துத் திருநெல்வேலி போய்க் கமலாவைப் பார்த்தாள். பேரன் இவளைப் பார்த்து அழுதானாம். அதையே சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவும் அப்பாவும் இங்கேதான் காலமானார்கள். கமலா அக்கா தீவுக்கு வரவே இல்லை. பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் உடம்பு, அப்புறம் அத்தானின் உடம்பு, இப்போது அவளுடைய முட்டி.

ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு சொல் நிலைத்துவிட்டது. பிரமோஷன் வரப்போகிறது, மாப்பிள்ளை வீட்டில் சம்மதம் என்று யாராவது சேதி கொண்டுவந்தால், சின்னப் பிள்ளைகள்கூட, “கிதார் கப்பலா, நெசக் கப்பலா?” என்று கேட்பார்கள். மெட்ராஸில் இருக்கும் என் மருமகள் அவள் ஆபீஸிலும் இதைப் பரப்பிவிட்டாளாம்.

கமலா அக்கா வருஷா வருஷம் வருகிறேன் என்று போன் செய்வாள். இந்த வருஷமும் செய்தாள்.

“ஏல மணி, வார தைக்கு நான் அங்கன வாரேன். இப்பம்தான் ஏரோப்ளேன் இருக்கே, ரெண்டு மணி நேரமாம்லா.”

“அக்கா, கிதார் கப்பலா, நெசக் கப்பலா?”

அக்கா சிரித்தாள். அம்மா சிரிப்பு மாதிரியே இருந்தது.

“கிதார் கப்பல்தாம்ல,” என்றாள்.

நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய், அவளுக்கென்று வைத்திருக்கும் அறையைத் திறந்து, மெத்தையை எடுத்து வெயிலில் போட்டேன்.